உள் லைட்

காரின் முன்பம்பருக்கு மேலே இருந்த இரண்டு மேலதிக லைட்டுகளுக்கும் என் கணவர் செனன் பல்ப் போடுவித்த அன்று, அக்குறணையில் ஜமால்தீனுடைய கார் லைட் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நான் வெயில் சாயும்வரை குந்தியிருந்தேன். கொலர் கிழிந்த சேட்டைப் புரட்டித் தைத்துப் போடுகிற மனிசன் என் கணவர். பழைய பல்ப் இரண்டும் நன்றாகத்தான் எரிந்தன. அறுபது வயதுக்கு மேல் டொக்டர் விமலநாதனுக்கு இளந்தாரி ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் ஜமால்தீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"டொக்டர், இதச் சும்மா சும்மா ஓஃப் பண்ண வாணாம். அணைச்சா சூடு ஆறுற வரைக்கும் திரும்பப் பத்தாது. பத்தினாலும் முழு வெளிச்சம் வரக் கொஞ்சம் சுணங்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் சண்டை, அதற்கு மலைநாட்டு ரோட்டெல்லாம் செக் பொயின்ட். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெளி லைட்டை அணைத்து, காருக்குள் இருக்கும் லைட்டைப் போட்டு, எங்கள் தமிழ் முகங்களைக் காட்டிக்கொண்டு ஊர்ந்து போகவேண்டும். அணைக்கக் கூடாத லைட்டை வாங்குவதற்கு இதைவிட நல்ல நாடு கிடைக்காது. அவர் சிரிக்கவில்லை. "மலையிலை புகார் மூடேக்கை தேவை" என்று மட்டும் சொன்னார்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கண்டியில் அவருடைய டிஸ்பென்சரியை எரித்தார்கள். கட்டில், அலுமாரி, மருந்துப் போத்தல் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போதே நாட்டைவிட்டுப் போயிருக்கலாம். இவர் புசல்லாவையில் ஒரு கடை அறையை எடுத்து மறுபடி தொடங்கினார். நானும் அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்தேன். பள்ளி விட்டதும் டிஸ்பென்சரியில் காத்திருந்து, தோட்டத்துக் கடைசி நோயாளியும் போன பிறகு இருவரும் கண்டி வீட்டுக்குத் திரும்புவோம். லண்டனிலிருந்து மகள் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு, வாங்கோ வாங்கோ என்று கெஞ்சுவாள். நான் போகத் தயார். இவர் காது கொடுத்துக் கேட்கமாட்டார். "இந்த ரோட்டிலை நான் கண்ணை மூடிக்கொண்டு கார் ஓடுவன்" என்பார், ஏதோ அதற்காகவே இந்த நாட்டில் இருக்கவேண்டும் என்பதுபோல. கார் ஓடப் பழக ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கேக்கை உமக்கென்னத்துக்கு?" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் நாங்கள் திரும்பும்போது ரோட்டில் புகார் இறங்கியிருந்தது. அவர் சுவிட்சைத் தட்டினார். முதலில் மங்கலான நீலமாகத் தொடங்கி, பிறகு பால் வெள்ளையாக வெளிச்சம் போய் விழுந்தது. தேயிலைச் செடி ஒவ்வொரு இலையாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் பாடுவதுபோல அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச மாதமாக இந்த ரோட்டில் அவர் வாயே திறப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழமையான செக் பொயின்ட் பாலத்தடியில் இருந்தது. அன்று அதை இப்பால் வளைவுக்கு மாற்றிவிட்டார்கள். தார்ப் பீப்பாய்கள் வெள்ளை வெளிச்சத்தில் தூரத்திலேயே தெரிந்தன. அவர் லைட்டுகளை அணைத்து உள் லைட்டைப் போட்டார். கார் ஊர்ந்தது. ஓர் ஆமிக்காரன் நடுரோட்டில் நின்று கையை உயர்த்தினான். அவர் பிரேக்கைத் தொடவில்லை. அவன் கத்தினான். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிரக் கார் நிற்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ! முன்னுக்கு நிக்கிறான்!"

பீப்பாயில் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று துவக்குகள் எங்களைப் பார்த்து நிமிர்ந்தன. ஓர் ஆமிக்காரன் அவருடைய ஜன்னலடிக்கு வந்து அடையாள அட்டையைக் கேட்டான். அவர் எடுத்து நீட்டினார். அவன் நின்றது அவருடைய தோளடியில். அட்டை நீண்டது முன்னால் சைட் கண்ணாடிப் பக்கம், ஒருவரும் இல்லாத இருட்டுக்கு. இந்த மனிசனுக்குக் கண் தெரியவில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று அவன் கேட்டான். கண் தெரியாது என்று சொன்னால் இனி அவருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, டிஸ்பென்சரியும் இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால், வேண்டுமென்றே நிறுத்தாமல் வந்த, அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்றிருக்கும் தமிழன். உள்ளே போடுவதற்கு அதற்குமேல் காரணம் தேவையில்லை. நான் எட்டிக் குனிந்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: பிழை என்னுடையது, வழி முழுக்க இவரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன், இவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். "அன்ட்டி, மஹத்தயா கார் ஓடும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும்" என்று சிங்களத்தில் எனக்குப் புத்தி சொன்னான். முப்பத்தைந்து வருசம் படிப்பித்தவள் நான். என் பழைய மாணவர்களின் வயதுதான் அவனுக்கு இருக்கும். தலையாட்டினேன்.

அவர்களுடைய பெரியவன் வந்து காரின் முன்பக்கத்தைப் பார்த்தான். இந்த லைட்டை அடித்து எங்கள் கண்ணைக் குருடாக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டு, வயர்களைப் பிடுங்கச் சொன்னான். ஒருவன் செனன் லைட் இரண்டினதும் வயரைக் கத்தியால் அறுத்தான்; மிஞ்சியது காரின் பழைய லைட் மட்டும். கம்பளை போகும்வரை உள் லைட்டை அணைக்கக் கூடாது என்றும் உத்தரவானது.

வளைவு தாண்டியதும் கேட்டேன்.

"எப்பயிருந்து?"

"போன வருசக் கடைசியிலயிருந்து. பகலிலை ஒண்டுமில்லை. இருண்டால்தான்."

"மாலைக்கண்ணோ?"

"அதைவிட மோசம். போகப்போகப் பகலும் போகும்."

"எனக்குச் சொன்னால் என்ன?"

"சொன்னால் நீர் லண்டனுக்குப் பெட்டி கட்டுவீர்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்து இறங்கிவிடலாம் போல இருந்தது. பெட்டி கட்டியிருப்பேன்தான். வாதத்தில் தோற்கக் கூடாது என்பதற்காக, இந்த வளைவுகளிலெல்லாம் இத்தனை மாதம் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குருட்டுவாக்கில் ஓடியிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிசம் வயரை அறுத்தவனைவிட இவர்மேல்தான் எனக்கு வெறுப்பு. ஆனால் எங்கே இறங்குவது? இருட்டில் ரோட்டோரம் நிற்கும் தமிழரின் காரைத் தேடி உடனே ஒரு ஜீப் வரும்.

கார் இடது பக்கம் சரிந்தது. சில்லுக்குக் கீழே கல் நொறுங்கியது.

"மங்களம்," என்றார். "சொல்லும்."

சொன்னேன். "வலப்பக்கம் எடுங்கோ. காணும், அவ்வளவுதான். பஸ் வருது, ஒதுங்குங்கோ. நேரை போங்கோ." தேத்தண்ணிக் கடையடியில் நின்றவர்கள், மேடையில் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல வெளிச்சம் போட்ட காருக்குள் இருந்த எங்களை வடிவாகப் பார்த்தார்கள். கீழே கம்பளைச் செக் பொயின்ட்டின் டோர்ச் ஆடத் தொடங்கியது. அவர் வெளி லைட்டை அணைத்தார். முன்கண்ணாடியில் ரோட்டைக் காணவில்லை. எங்கள் இரண்டு முகங்கள்தான் இருந்தன. அதில் என் வாய் மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது.