நாலாவது பிளக்

ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை காலையில், நாகமலை புதுக்கோட்டை மெயின் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் கருத்தக்கண்ணனின் வலது கையை பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய டிரக் பிடித்துக்கொண்டது. சிக்கிக்கொண்டது என்று சொன்னால் தப்பு. சிக்கினால் தோல் உரியும், ரத்தம் வரும், ஆள் கத்துவான். இதில் அதெல்லாம் இல்லை. முழங்கை வரைக்கும் உள்ளே போன கையை, இன்ஜினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை பிடித்தது. பிடித்தது விடவில்லை. மற்றபடி அன்றைக்குத் தக்காளி மலிவு, வெயில் கொஞ்சம் கடுமை.

அந்த வண்டிக்கு சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். நாலு ஸ்பார்க் பிளக்கில் மூன்று கண்ணெதிரே இருக்கும், ஸ்பேனர் போட்டால் கழன்று வரும். நாலாவது, பின்சுவரை ஒட்டி, ஒரு தடித்த குழாய்க்குக் கீழே ஒளிந்து கிடக்கும். கையை மூன்று வளைப்பு வளைத்து, குருட்டாம்போக்கில் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு இடத்தில் அதை வைத்த புண்ணியவானுக்கு எத்தனை முழங்கையோ, தெரியாது. அதனால் இந்தச் சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகளுக்குள் பேசிவைக்காமலே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மூன்றை மாற்றுவது, நாலாவதைத் தொடாமல் "அது நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிச் சீட்டை இறக்கிவிடுவது. ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்ததும் கிடையாது. வண்டியும் பாவம், மூன்று சிலிண்டரில் முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது பிளக்கைக் கடைசியாக மாற்றியவர் கருத்தக்கண்ணனின் அப்பா பேயாண்டி. அந்த வண்டியில் வைக்கோலும் செங்கலும் ஏற்றியே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். மகள் தாமரைச்செல்வியைக் கீழக்குயில்குடி சிவபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தபோது வண்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். "பய கையில தொழிலு இருக்கு, பொழச்சுக்கிருவான்" என்றார். பயல் கருத்தக்கண்ணனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அவன் ஸ்பேனர் பிடிக்கப் பழகியதே அந்த வண்டியில்தான். தனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தானே சாவியை எடுத்து மச்சினன் கையில் கொடுத்திருப்பான். சொல்லவில்லையே என்பதுதான் அவனுடைய ஆத்திரம். தங்கச்சி வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினான். அப்பா செத்ததற்கு வந்தான், கொள்ளி வைத்தான், தெருவில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கடையே வீடு என்று கிடந்தான்.

அதற்குப் பிறகு தாமரைச்செல்விக்கு மகள் பிறந்தாள், பவதாரிணி. ஒரு வயதில் மொட்டை போட்டுக் காது குத்தியிருக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஒன்றுவிட்ட மாமன்மார் இரண்டு பேர் மடியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தாமரைச்செல்வி சம்மதிக்கவில்லை. "எங்கண்ணே மடி கல்லாட்டம் இருக்கையில எம்மக எதுக்கு எவெ மடியிலயோ ஒக்காரணும்?" என்றாள். ஒரு வயது போனது, மூன்று வயது போனது. பிள்ளை வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போய், கேலி வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது, ஐந்தும் முடியப்போகிறது. வேறு வழியில்லாமல் பேரையூர்ப் பக்கத்துக் குலசாமி கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று தாமரைச்செல்விக்குப் பயம். வண்டியை அனுப்பினாள். ரிப்பேருக்கு வந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் திருப்பி அனுப்ப மாட்டான் என்று கணக்கு.

"மச்சான், வண்டி மிஸ் அடிக்குது, இழுக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம சனத்த ஏத்திக்கிட்டுப் பேரையூர் போகணும். பாப்பாவுக்குக் காதுகுத்து" என்றான் சிவபாண்டி.

"விட்டுட்டுப் போங்க மாப்ள, பாப்போம்" என்றான் கருத்தக்கண்ணன். காதுகுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் அவனும் மூன்றோடு நிறுத்தியிருப்பான். இது அப்பா வண்டி. கையை விட்டான், தடவினான், பிடிபட்டான். பிடித்த கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. பேயாண்டியின் விரலை ஒரு காலத்தில் ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கருத்தக்கண்ணன் பயப்படவில்லை. "விடுங்கப்பா, வேல கெடக்கு" என்று சொல்லிப் பார்த்தான். பக்கத்து டயர் கடைக்காரர் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். குழாயைக் கழற்றிவிடலாம் என்று போல்ட்டைத் திருகினால், அது உள்ளிருந்து மறுபடி முறுக்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் எல்லாரும் அலுத்துப்போய், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

டீயை இடது கையால் குடித்துவிடலாம். சோற்றை இடது கையால் எப்படித் தின்பது? அவன் தின்னவில்லை. மறுநாள் மத்தியானம் சேதி கேட்டுத் தாமரைச்செல்வி தூக்குவாளியோடு வந்து இறங்கினாள். கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து, உருட்டி, வாயருகே நீட்டினாள். வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் வாயைத் திறந்தான். இரண்டாவது உருண்டையில் அவன் கண் கலங்கிவிட்டது. "ஒறைக்குது" என்றான்.

"ஆமா, ஒறைக்கும். அம்புட்டு நாளு எங்கையால திங்காம இருந்தேல்ல" என்றாள் அவள். குனிந்து இன்ஜின் இடுக்கைப் பார்த்து, "உள்ள யாரு, அப்பாவா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். "வேற யாரு, அவருதேன். எனக்கும் ஒனக்கும் ஒரு வார்த்த சொல்லாம எதையாச்சும் செஞ்சு வைக்கிறதே அவரு பொழப்பு" என்று சொல்லி அடுத்த உருண்டையை உருட்டினாள். மிச்ச நாளும் அவள்தான் ஊட்டினாள். கோபம் எங்கே போனது என்று இரண்டு பேருமே தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருத்தக்கண்ணனையும் சேர்த்தே வண்டியை எடுத்தார்கள். முன்பக்கம் ஒரு பலகை போட்டு அவனை உட்கார வைத்து, பின்னால் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு, சிவபாண்டி மூன்று சிலிண்டரில் உருட்டினான். திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டி, இன்ஜின் கொதித்தது. உள்ளே இருந்த கை மட்டும் சுடவில்லை. மேலே இன்னொரு கை மூடியிருந்தது.

கோயிலில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். மாமனால் இறங்க முடியாது, அதனால் மடியை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று பூசாரி சொன்னார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பவதாரிணியை மடியில் உட்கார்த்தினார்கள். ஆசாரி ஊசியோடு ஏறினார். ஊசியைக் கண்டதும் பிள்ளை உதைத்தாள் பாருங்கள், தட்டில் இருந்த தேங்காய் உருண்டு ரோட்டுக்கே போய்விட்டது. ஒற்றைக் கையால் எங்கே பிடிப்பது? இழுத்துப் பிடித்தால் தலை ஆடுகிறது. தலையைப் பிடித்தால் கால் உதைக்கிறது. "ரெண்டு கையும் வேணும்ப்பா, இல்லாட்டி வேற மடிக்கு மாத்துங்க. நல்ல நேரம் முடியப்போகுது" என்றார் ஆசாரி. ஒன்றுவிட்ட மாமன்மார் வேட்டியைச் சரிசெய்தார்கள். தாமரைச்செல்வியின் முகம் செத்துப்போனது.

கருத்தக்கண்ணன் குனிந்து இன்ஜினைப் பார்த்துச் சொன்னான்: "அப்பா, வண்டி அவளுக்குத்தேன். எனக்கு மனசுல ஒண்ணுமில்ல. இந்தப் பிள்ளைய மட்டும் நாம்புடிச்சுக்கிறேன், விடுங்க."

கை வந்தது. ஒன்று வரவில்லை, இரண்டாக வந்தது. முழங்கை வரை கிரீஸ் அப்பிய பேயாண்டியின் கை, மகன் கையோடு கூடவே வெளியே வந்து, பேத்தியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தது. மாமன் இரண்டு கையாலும் தலையை ஏந்திக்கொண்டான். பவதாரிணி அழுகையை மறந்து அந்தப் பாதி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்குள் ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார். குலவைச் சத்தம் எழுந்தது. "புதுப் பட்டுப் பாவாடப்பா, கையக் கழுவிட்டுப் புடிச்சா என்ன!" என்று தாமரைச்செல்வி சத்தம் போட்டாள், போட்டுவிட்டு அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மகன் கையில் எதையோ திணித்துவிட்டுக் கை உள்ளே போனது. கருத்தக்கண்ணன் உள்ளங்கையில் கரி பிடித்த நாலாவது பிளக் இருந்தது. எல்லாரும் கறிச்சோறு தின்னப் போனார்கள்.

இன்றைக்கும் அந்த வண்டி ஓடுகிறது. பிளக் மாற்றும் நாளில் கருத்தக்கண்ணன் கீழக்குயில்குடிக்கே போய்விடுகிறான். மூன்றை அவன் மாற்றுவான். நாலாவதைக் குழாய்க்குக் கீழே நீட்டினால் போதும், உள்ளே இருக்கும் கை வாங்கிக்கொண்டு, பழையதைக் கொடுத்துவிடும். போன தடவை நீட்டியது பவதாரிணி. பிளக்கைக் கொடுத்தவள் அப்படியே குனிந்து, "தாத்தா, கம்மல மாத்திட்டேன், பாருங்க" என்று காதை அந்த இடுக்கில் வைத்தாள். பாதி விரல் வந்து கம்மலைத் தடவி, திருகாணியை ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போனது.