எவர்சில்வர் கைப்பிடி

மகன் போன் செய்தால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். போன முறை கேட் கொண்டி, இந்த முறை வெளி மாடிப்படியின் கைப்பிடி. "சாப்டீங்களாப்பா?" என்று அவன் ஆரம்பித்தபோதே தெரிந்துவிட்டது, வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று. கிளம்பினேன். பேச்சுத் துணைக்குச் சுவர் மட்டும் இருக்கிற வீட்டில் கிடப்பவனுக்கு இது கசக்கவா செய்யும்?

தூண்கள் இரும்பு. மேலே ஓடும் குழாய் எவர்சில்வர். மருமகளுக்குப் பளபளப்பு வேண்டுமாம். இரண்டும் லேசில் ஒத்துப்போகாது, சேர்த்து வைக்கத் தனி வெல்டிங் ராடு உண்டு. சாதா இரும்பு ராடைப் போட்டாலும் பற்றிக்கொள்ளும். தேய்த்து மெருகேற்றிவிட்டால் என்னைத் தவிர எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளில் மயிரிழை போல விரிசல் விடும். விட்டால் மகன் போன் செய்வான்.

பையில் இரண்டு ராடும் இருந்தன. கடைசித் தூணுக்கு வந்தபோது என் கை சாதா ராடுப் பக்கம் போனது. ஒரே ஒரு இணைப்பு. விழுந்துவிடாது, சும்மா ஆடும். "கொஞ்சம் ஆடுதுப்பா" என்பான், நான் வருவேன். இதில் யார் குடி முழுகிவிடப் போகிறது?

ராடை மாட்டியும்விட்டேன். பேத்தி மேல்படியில் நின்று என் முகமூடியைக் குனிந்து பார்த்தாள். "தாத்தா, உள்ள நீங்கதான் இருக்கீங்களா?"

"வேற எவன் வருவான்? தள்ளி நில்லு, கண்ணு கூசும்."

தள்ளி நிற்கவில்லை. இன்னும் ஒட்டாத குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். குழாய் ஆடியது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா! "அம்மாகிட்ட ஓடு" என்று அவளை விரட்டிவிட்டு, ராடைக் கழற்றி எறிந்து சரியானதை மாட்டினேன். அவ்வளவு நிதானமாக நான் வெல்டிங் வைத்து வருஷக்கணக்காகிறது.

தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகு மகன் கதவுக்குள்ளிருந்தே தலையை நீட்டினான். "முடிஞ்சுதாப்பா? இனிமே அசையாதுல்ல?"

"ஆயுசுக்கும் அசையாது."

"அப்பாடா. இனி உங்கள அலைய விட வேண்டியதில்ல."

"சூடா இருக்குடா" என்றேன். "ஆறுற வரைக்கும் தொடக்கூடாது. பாப்பா வந்து கைய வெச்சிருவா. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"சரிப்பா." கதவைச் சாத்திக்கொண்டான். நான் படியில் உட்கார்ந்து, இணைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.