டின்னில் இல்லாத பெயர்

யொகஸ்தா டீச்சர் வந்ததும் முன்வரிசைப் பையன்களின் பிழைப்பில் மண் விழுந்தது. அதுவரை கையைத் தூக்குவதும் அவர்கள், பதில் சொல்வதும் அவர்கள், பாராட்டு வாங்குவதும் அவர்கள்தான். மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியே கரும்பு லாரிகளை வேடிக்கை பார்த்துக் காலத்தை ஓட்டினார்கள். டீச்சர் ஒரு பால்பவுடர் டின்னை மேசையில் வைத்தார். பதிவேட்டைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் ஐஸ் குச்சிகளில் எழுதி அதற்குள் போட்டார்.

"இனிமே யாரும் கையத் தூக்க வேணாம். குச்சியில யார் பேரு வருதோ அவங்க சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், ஒண்ணும் குடி முழுகிடாது. இங்க எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்."

வகுப்புக்கு உயிர் வந்தது. காலை மணி அடித்ததும் தூங்கத் தொடங்கும் எலிசெயோகூட நிமிர்ந்து உட்கார்ந்தான். டின்னைக் குலுக்கும்போதெல்லாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த கெர்தா எல்லோரையும்விட அதிகமாகப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை உள்ளங்கைக்குள் முணுமுணுத்துவிட்டு, முன்னால் எவனோ அதையே உரக்கச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அது பழகிப்போனது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு தடவையும் வலித்தது.

குச்சிகள் ஒரு சுற்று முடிந்தன. மறுபடி எல்லாவற்றையும் டின்னுக்குள் போட்டார் டீச்சர். எலிசெயோவின் பெயர் இரண்டாம் தடவை வந்த அன்றுதான் கெர்தாவுக்கு விஷயம் உறைத்தது. அவள் பெயர் டின்னிலேயே இல்லை.

எப்படி இருக்கும்? அவள்தான் பதிவேட்டிலேயே இல்லையே. ஹெய்தியிலிருந்து எல்லை தாண்டிக் கரும்பு வெட்ட வந்தவள் அவள் அம்மா. கெர்தா பிறந்தது இந்தக் கரும்புத் தோட்டத்துத் தகரக் குடியிருப்பில். பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பழைய தலைமையாசிரியை இரக்கப்பட்டு, "ஒரு மூலையில உக்காந்து கேட்டுட்டுப் போகட்டும்" என்று விட்டிருந்தார். யொகஸ்தா டீச்சரோ, யாரோ ஒருத்தியின் தங்கை துணைக்கு வந்து உட்கார்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷிதான். டின்னை நம்பினார், அவ்வளவுதான்.

டீச்சரிடம் போய்ச் சொல்லலாமே என்று நமக்குத் தோன்றும். கெர்தாவால் முடியாது. தினமும் தலை பின்னிவிடும்போது அம்மா அதையேதான் ஓதுவாள். "யார் கண்ணுலயும் படாதடி. இன்னைக்குப் பேரு கேப்பாங்க, நாளைக்குப் பேப்பர் கேப்பாங்க. இல்லன்னா வெளிய போன்னுடுவாங்க. நான் படாத பாடா? நீயாவது நாலு எழுத்து படி."

வாயை மூடிக்கொண்டிருந்தால் படிப்பு மிஞ்சும். சரிதான். ஆனால் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் இருக்க, தான் மட்டும் காற்றுப்போல உட்கார்ந்திருப்பதை அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

பெட்டிக்கடை வாசலில் கிடந்த ஐஸ் குச்சி ஒன்றைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தாள். அதில் தன் பெயரை எழுதினாள். மதியம் எல்லோரும் பீன்ஸும் சோறும் வாங்க வரிசையில் நின்றபோது வகுப்புக்குள் நுழைந்து அதை டின்னுக்குள் போட்டாள். போட்ட உடனேயே பயம் பிடித்தது. எடுத்துவிடலாமா என்று கையை விட்டாள், வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று அவள் பெயர் வரவில்லை. அடுத்த நாள் கணக்கு வகுப்பில் வந்தது.

"கெர்தா," என்று படித்த டீச்சர் குச்சியைத் திருப்பிப் பார்த்தார். அது அவர் கையெழுத்து இல்லை. "யாரு கெர்தா? எவனாவது விளையாடுறீங்களா?"

எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். பேசாமல் இருந்தால் டீச்சர் குச்சியைத் தூக்கி எறிந்துவிடுவார், கதை அதோடு முடிந்துவிடும். கெர்தா எழுந்து நின்றாள்.

"நான்தான் டீச்சர்."

"நீயா? நீ இந்த வகுப்பா? எப்பலேருந்து?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிலேருந்து."

டீச்சர் பதிவேட்டைத் திறந்து விரலால் தேடினார். "உன் பேரு இல்லையேம்மா. நாளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துட்டு வா, எழுதிடலாம்."

எலிசெயோதான் சொன்னான். "அவகிட்ட அதெல்லாம் கிடையாது டீச்சர். எங்க குடியிருப்புல பாதிப் பேருகிட்ட கிடையாது."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் டின்னையே பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடித் தள்ளி வைத்தார்.

"நான் பேப்பரக் கேக்கல. கணக்கக் கேக்குறேன். ஒன்பது எட்டு எவ்வளவு கெர்தா?"

எத்தனையோ தடவை உள்ளங்கைக்குள் சொன்ன பதில். சமயம் பார்த்துக் காலை வாரியது.

"அறுபத்திநாலு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "அது எட்டெட்டுடி மக்கு!" என்று எவளோ கத்தினாள். டீச்சரும் சிரித்துவிட்டார். "பக்கத்துல வந்துட்ட. உக்காரு, மறுபடி வருவ." குச்சியை டின்னுக்குள் போட்டுக் குலுக்கினார்.

எல்லோரையும் பார்த்துச் சிரிப்பதுபோலவே அவளையும் பார்த்துச் சிரித்தார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை கெர்தா அதுவரை அறிந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "என்னடி, மூஞ்சியெல்லாம் பல்லா இருக்கு? என்ன நடந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தாள் கெர்தா. அம்மாவின் கண்ணில் அதற்குள் பயம் எட்டிப் பார்த்துவிட்டது. சொன்னால் நாளையே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

குடம் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிற சாக்கில் கரும்புக் காட்டோரம் வந்து நின்றாள். அந்தச் சந்தோஷம் நெஞ்சில் பாரமாக இருந்தது. இறக்கி வைக்க ஓர் ஆள் இல்லை. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "எழுபத்திரெண்டு" என்றாள் உரக்க.

யாரும் கேட்கவில்லை.