மாற்றாத பிரேக் பேட்

இன்னும் உசத்தியான பிரேக் பேட் போடலாமென்று டீச்சர் தானே காரின் முன்சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் புதுசு போட்டதாக மெக்கானிக் சொன்ன பேட், இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. எட்டு வருடமாக அவள் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்ட ஆள்!

மெக்கானிக் கடைக்கு நடந்தே போய் அந்தப் பேடை அவர் மேஜையில் விட்டெறிந்தாள்.

“வேலை ஜாஸ்திம்மா, மறந்துட்டேன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?”

“அன்னைக்கே சொல்லியிருந்தா காத்திருப்பேனே! புள்ளைங்களை வச்சுக்கிட்டு மலைப்பாதையில இறங்கினேன்ணே!”

அவர் முகம் வெளுத்தது. “வீட்டுக்கே வந்து மாத்தித் தர்றேன்.”

“இனிமே என் வண்டியில கை வைக்காதீங்க.”

வீட்டுக்குத் திரும்பி அவளே புதியதை மாட்டினாள். தெருமுனையில் பிரேக்கை மிதித்தாள். வண்டி சட்டென்று நின்றது. அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.