நாலாயிரம் மீட்டர் ஆழத்து இளமை

பேராசிரியருக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதன் முன்னால் நின்றால் படம் நன்றாக விழும் என்பதுதான். இது ஆய்வுக்கூடத்துக்காரியின் தீர்ப்பு. பதினோரு வருடமாக அவருக்குக் கீழே கடல்நீரின் வயதை அளக்கிறவள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

பழைய குளிர்பெட்டிகளில் மனிதன் அடைத்து வைத்த வாயு, சில பத்தாண்டுகளாகக் காற்றில் கலந்து கிடக்கிறது. அண்மையில் காற்றைத் தொட்ட நீரில் அது கரைந்திருக்கும். பல நூறு வருடம் கடலடியிலேயே கிடந்த நீரில் மருந்துக்கும் இருக்காது. மூடி திறந்தால் காற்றிலுள்ள வாயு உள்ளே கலந்துவிடும்; அதனால் ஆழத்து நீரை அள்ளி வரும் குடுவை கப்பலில் ஏறியதும், மூடியைத் திறக்கும் முன், அடிக்குழாயில் வாயுச் சோதனைக்குத்தான் முதல் நீர் பிடிக்க வேண்டும். கப்பலில் பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூட இது தெரியும்.

இந்தப் பயணத்தில் நாலாயிரம் மீட்டர் நீரில் வாயு கொட்டிக் கிடந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பேராசிரியருக்கோ தலைகால் புரியவில்லை. அடிநீருக்கு முப்பதே வயது, கடலோட்டப் பாடத்தையே மாற்றி எழுத வேண்டும் என்று கரைக்கு வந்த அன்றே அறிக்கை விட்டுவிட்டார். கப்பலில் தான் கீழ்த்தளத்துக்குக் கண்ணாடிக் குழாய் கழுவப் போன நேரத்தில் யாராவது மூடியைத் திறந்தார்களா என்று அவரிடம் கேட்டாள். யாரும் தொடவில்லை என்று கூசாமல் சொன்னார்.

ஆனால் அளவுத் தாளில் அவள் கையெழுத்து இல்லாமல் ஆய்விதழுக்கு எதுவும் போகாது. அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிக்கிறவர் அவர்.

"சட்டுனு போட்டுக் குடும்மா. அடுத்த வருஷமும் இங்க இருக்கணும்ல?"

இத்தனை வருடமாக இந்த ஆளுக்கா எழுந்து நின்றோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்போது கைப்பேசி சிணுங்கியது. அறிக்கையோடு போன படத்தை அலுவலகம் முழுவதற்கும் அவரே அனுப்பியிருந்தார். குடுவையின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி சிரிக்கிறார். அடிக்குழாயில், அவள் நீர் பிடிக்கும் ரப்பர் குழாய் இன்னும் மாட்டப்படவே இல்லை.

தாளில் 'மாதிரி கெட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் அந்தப் படத்தை அச்செடுத்து ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"படம் நல்லா விழுந்திருக்கு சார்."