கைத்தடியின் மேல்பாதி

அக்காவும் அத்தானும் சண்டை போட்டால் எனக்குப் பயம் கிடையாது. சண்டை முடிந்து, பேச்சு வார்த்தை நின்றுபோய், ஆளுக்கொரு பக்கம் சத்தமில்லாமல் நல்லது செய்யக் கிளம்புவார்கள் பாருங்கள், அப்போதுதான் பயம் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேருமே இறங்கி வருவார்கள். ஆனால் இறங்கி வந்தது மற்றவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. அப்படியொரு வீம்பு.

அன்று காலை நான் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அக்காவின் போன்.

“போச்சுடி. எல்லாம் போச்சு.”

“யாரு?” என்றேன்.

“ஆளுக்கு ஒண்ணும் ஆகல. போட்டோடி. உங்க அத்தானோட போட்டோ மொத்தமும் போச்சு.”

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் வந்த நிம்மதி, போட்டோ என்றதும் ஓடியே போய்விட்டது. ஏனென்றால் மறுநாள் காலை அத்தானின் கண்காட்சி.

அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறார். வண்டி கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருளை எடுத்து அலுவலகத்தில் ஒப்படைப்பதற்கு முன்னால், அது கிடக்கிற இடத்திலேயே வைத்து ஒரு போட்டோ எடுப்பார். ஈரக்குடை, ஒற்றைக் காலணி, பிறந்தநாள் கேக் டப்பா, கைக்குட்டையில் சுருட்டிய பல்செட். பல வருஷமாக எடுக்கிறார். டிப்போவில் அவருக்கு ‘பல்செட்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவரிடம் மனிதர்கள் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, “இது அந்தப் பக்கம் போகுமா?” என்பதுதான். போன மாதம் பொது நூலகத்தின் நூலகர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் எங்க ஹாலில் மாட்டலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து அத்தான் தரையில் நடக்கவில்லை.

படங்கள் அன்று சாயங்காலத்துக்குள் அச்சுக்காரர் கைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் வெறும் சுவரைத்தான் திறந்து வைக்க வேண்டும்.

“ரெண்டு இடத்துல இருந்துச்சே! கம்ப்யூட்டர்ல ஒண்ணு, வெளி டிஸ்க்குல ஒண்ணு. நான்தானே போட்டுக் குடுத்தேன்?” என்று கத்தினேன். இழந்த கோப்புகளை மீட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். ஊருக்கெல்லாம் இரண்டு நகல் வையுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறவள், சொந்த அக்கா வீட்டில் வைக்காமல் இருப்பேனா?

அக்கா மென்று விழுங்கிச் சொன்னாள். அவள் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். வகுப்புகளை வீடியோவாக எடுத்துக் கம்ப்யூட்டரில் நிரப்பியிருக்கிறாள். இடம் போதவில்லை. யாருடைய சாமான் வெளியே போவது என்று முந்தாநாள் பெரிய ரகளை. நேற்றுக் காலை அவர் வேலைக்குப் போனதும் இவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், மனுஷனுக்கு இடம் விட்டுவிடலாம் என்று வெளி டிஸ்க்கில் இருந்த போட்டோவையெல்லாம் அழித்துவிட்டு, தன் வீடியோக்களை அதில் ஏற்ற ஆரம்பித்தாள். போட்டோதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே! சாயங்காலம் அவர் வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. இவள் குளிக்கப் போன நேரத்தில், கம்ப்யூட்டரில் இருந்த போட்டோவையெல்லாம் அழித்து அவளுக்கு இடம் பண்ணினார். போட்டோதான் வெளி டிஸ்க்கில் இருக்கிறதே!

இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். காலையில் அச்சுக்கு அனுப்பப் படங்களைத் தேடியபோதுதான் இரண்டு பேரின் குட்டும் உடைந்திருக்கிறது.

உங்கள் இருவரையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அக்கா, “இரு, ஏதோ ஒரு சாஃப்ட்வேர் இருக்காம், போட்டா எல்லாம் திரும்ப வந்துடுமாம், அதை இறக்கி அந்த டிஸ்க்குலயே...” என்றாள்.

“கையை எடு! எதையும் தொடாத! ஒயரைப் பிடுங்கு! பிடுங்கிட்டியா?”

“ஏண்டி கத்துற, பிடுங்கிட்டேன்.”

“ரெண்டையும் தூக்கிட்டு வா. வழியில யார் கிட்டயும் குடுக்காத. குலுக்காத.”

அவள் வந்த பேருந்தை ஓட்டியது அத்தானே. அவர் தடம் என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. சுற்றுப்பாதை; போய்ப் போய்த் திரும்ப வரும். முன் இருக்கையில் அக்கா கம்ப்யூட்டரைக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு துண்டில் சுற்றிய டிஸ்க்கை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள், பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி. பேருந்து முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. அக்கா வாயைத் திறந்தால் ஊரைக் கூட்டிவிடுவாள். அவள் இறங்கும்போது ஒரு அம்மாள், “பார்த்துப் படியிறங்கு” என்று முழங்கையைப் பிடித்துவிட்டார். அத்தான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“வருமா?” என்றார்.

“நீங்க வண்டியை ஓட்டுங்க. ரோட்டைப் பாருங்க,” என்றேன்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினேன். அதில் இருப்பது சுழலாத புது ரக டிஸ்க். வேகம் பிரமாதம், அழிக்கிற வேகமும் பிரமாதம். அழி என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் தானே உள்ளே துடைத்தும் வைத்துவிடும். அத்தான் தன் பங்கைச் சுத்தமாகச் செய்து முடித்திருந்தார்.

மிச்சம் இருந்தது வெளி டிஸ்க். பழைய ரகம், உள்ளே தகடு சுற்றுவது. இந்த ரகத்தில் ஒன்றை அழித்தால், வீட்டு வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையைக் கழற்றியது மாதிரி. உள்ளே ஆள் அப்படியேதான் இருப்பார். புதிதாக ஒருவர் சாமான் சட்டியோடு குடிவந்தால்தான் பழையவர் வெளியே போவார். பிரச்சினை என்னவென்றால் அக்கா நேற்றே தன் வீடியோக்களைக் குடிவைத்துவிட்டாள்.

“எத்தனை வீடியோ ஏத்தினே?”

“கை தைக்கிறது எல்லாம். கழுத்து பாதி.”

“கழுத்து பாதியில நிறுத்தினியே, புண்ணியவதி.”

முதல் வேலை, அந்த டிஸ்க்கை அப்படியே ஒரு எழுத்து விடாமல் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுப்பது. மூலத்தில் கைவைத்துத் தேடக் கூடாது. தேடும்போது டிஸ்க் மண்டையைப் போட்டால் அதோடு கதை முடிந்தது. நகல் ஓட ஆரம்பித்தது. ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. என் மேஜையில் இருந்த திருகாணிகளையெல்லாம் அளவு வாரியாகப் பிரித்து வைத்தாள். அதட்டினேன். சரி என்று ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த சுற்றில் பேருந்து வாசலில் வந்து நின்றபோது, ஒரு அட்டை மூடியில் பெரிதாக ‘பொறுங்கள்’ என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். ஜன்னல் வழியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. அத்தான் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அன்று அவர் வண்டியில் ஏறியவர்களில் பாதிப் பேர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை என்று பிறகு சொன்னார். முடிவு தெரியாமல் எப்படி இறங்குவதாம்?

நகல் முடிந்தது. தேடலைத் தட்டிவிட்டேன். என் தொழிலில் இந்த நிமிஷத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. முதலில் குப்பை வந்தது. பட்டன் படங்கள், ஏதோ ஒரு துணியின் மூலை, அக்காவின் கட்டை விரல். அக்கா என் தோளைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். திடீரென்று திரையில் ஒரு கறுப்புக் குடை விரிந்தது. நீல இருக்கை, அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், முழுசாக, ஒரு குறையும் இல்லாமல்.

“ஏய்!” என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூவினோம்.

அப்புறம் கொட்ட ஆரம்பித்தது. காலணி வந்தது. கேக் டப்பா வந்தது. ஒற்றைத் தோடு, ரிப்பன் கட்டிய பரிசுப் பொட்டலம், யாரோ பாதி நிரப்பி விட்டுப்போன குறுக்கெழுத்துப் புதிர். பல்செட் வந்தபோது அக்கா கைதட்டினாள். எங்கள் சொந்தப் பல்லே திரும்பக் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டோம்.

அடுத்த சுற்று வந்தபோது அட்டையின் மறுபக்கத்தில் ‘வருது! வருது!’ என்று எழுதிக்கொண்டு நடைபாதைக்கே ஓடினேன். பேருந்துக்குள் விசில் அடித்தார்கள். அத்தான் ஹாரனை அழுத்திய அழுத்தில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

நூலகர் பொறுக்கியிருந்த படங்கள் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. வர வேண்டியதே அதுதான். கைத்தடி.

கடைசி இருக்கையில், ஜன்னலில் சாய்ந்து நிற்கும் ஒரு கைத்தடி. காலை வெயில் அதன் வளைந்த பிடியில் பட்டு மின்னும். தடியை ஊன்றிக்கொண்டு ஏறிய மனிதர் தடியில்லாமல் எப்படி இறங்கிப் போனார்? அதை யோசிக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. அதைத்தான் ஆளுயரத்துக்கு அச்சிட்டு வாசலில் வைக்கச் சொல்லியிருந்தார் நூலகர். அவருக்கு அத்தான் போனில் அனுப்பிய சின்னப் பிரதி இருந்தது. அதை ஆளுயரத்துக்கு இழுத்தால் கைத்தடியா முருங்கைக்காயா என்றே தெரியாது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். அச்சுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கடைசியில் அகப்பட்டது. திரையில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல விரிந்தது. ஜன்னல் கம்பி, வெயில், வளைந்த பிடி. பிடிக்குக் கீழே கொஞ்சம் தடி. அதோடு சரி. நடுவில் வெட்டினாற்போல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

“மிச்சம் எங்கடி?”

“உன் கழுத்து வீடியோ அங்க உக்கார்ந்திருக்கு.”

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. “அந்த மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒண்ணு கேட்டாரு,” என்றாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் இன்னொரு முறை சலித்தேன். அந்தக் கீழ்ப்பாதி எங்குமே இல்லை.

பேருந்து வந்துவிட்டது. இதை அட்டையில் எப்படி எழுதுவது? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் ஜன்னலுக்கே போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

“எல்லாம் கிடைச்சிடுச்சு அத்தான். இது மட்டும் இவ்வளவுதான். இதுக்கு மேல என்னால முடியாது.”

அத்தான் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. முன் இருக்கையிலிருந்து இரண்டு மூன்று பேர் அவர் தோளுக்கு மேலாக எட்டினார்கள்.

“ஐயோ, தடி எங்க போச்சு?” என்றார் பையோடு நின்ற ஒரு அம்மாள்.

“தடி கீழ போயிருக்கும்ங்க,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“தடியும் இறங்கிப் போயிடுச்சா? அந்த ஆளைத் தேடியா?”

அத்தானின் மீசை லேசாக ஆடியது. அவர் இன்னும் ஒரு முறை பார்த்தார். பிறகு பளிச்சென்று ஒரு சிரிப்பு.

“அப்படியே போடச் சொல்லு.”

“எப்படியே?”

“இப்படியே. பாதியோட. சாம்பலையும் சேர்த்து. ஆளுயரத்துக்கு. நான் எடுத்ததை விட இது நல்லா இருக்கு. சீக்கிரம் போ, அச்சுக்காரர் கடையை மூடிடப் போறாரு!”

பேருந்து பாய்ந்து கிளம்பியது. உள்ளே கைதட்டல் கேட்டது. நானும் அக்காவும் செருப்பு அறுந்துபோகிற அளவுக்கு அச்சுக் கடைக்கு ஓடினோம். போகும் வழியிலேயே, மீட்ட படங்கள் எல்லாவற்றுக்கும் மூன்றாவது நகல் ஒன்றும் இருக்கிறது, அது என் கடை அலமாரியில் பூட்டி இருக்கும், சாவி உங்கள் இருவர் கைக்கும் வராது என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினாள்.

மறுநாள் காலை நூலக ஹால் நிரம்பி வழிந்தது. டிப்போவிலிருந்து ஒரு கூட்டம் சீருடையோடு வந்திருந்தது. பேருந்தில் எட்டிப் பார்த்தவர்களில் பலரும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அத்தான் தன் கையால் ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். குடை. தொலைத்தவர்: தெரியவில்லை. பல்செட். தொலைத்தவர்: தெரியவில்லை. அக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், கூட்டம் அதிகமாக மொய்த்திருந்த ஆளுயரப் படத்தின் முன்னால் நின்றாள். மேலே வெயிலில் மின்னும் பிடி, கீழே ஒன்றுமில்லாத சாம்பல். சீட்டில் இப்படி இருந்தது:

‘கைத்தடி, மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதியைத் தொலைத்தவர்கள்: நானும் என் மனைவியும்.’

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அத்தான் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பார்க்கச் சுவரில் ஒட்டிவிட்டாரே, இன்றைக்கு என்ன நடக்குமோ!

“என்னங்க, இது தப்பு,” என்றாள் அக்கா.

“எது?”

“உங்களை ஏன் முதல்ல எழுதியிருக்கீங்க? காலையிலேயே அழிச்சது நான். நீங்க சாயங்காலந்தானே அழிச்சீங்க?”

“நீ அழிச்சதால ஒண்ணும் போகல. அப்பக்கூட கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நான் அழிச்சதாலதான் போச்சு.”

“கீழ்ப்பாதி மேல ஏறி உக்கார்ந்தது யார் வீடியோ? என்னோடது. என் பேர்தான் முதல்ல வரணும்.”

“அதெல்லாம் முடியாது. தப்பு என்னோடது.”

“என்னோடதுன்னு சொல்றேன்ல!”

அக்கா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டாள். அத்தான் சீட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். டிப்போக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். நூலகர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். நான் ஓடிப் போய் அவரை வழிமறித்து, கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.