டிக்கியில் ஒரு பை

…கடற்கரைச் சாலை என்று பெயர்தான், கடலைக் காணோம், சவுக்கும் இறால் குட்டையும் வேலிக்கருவையுமாக வந்துகொண்டிருக்கிறது, இதைக் காட்டவா தௌபீக் விடிந்தும் விடியாததுமாக என்னைக் கிளப்பினான்? முட்டை ஏற்றிய வண்டி ஓட்டுகிறவன்போல ஓட்டுகிறான் பிள்ளை, மீன் லாரியெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிறது. "மெதுவாவே போவோம் உம்மா, இத்தா இருந்து உள்ளேயே அடைஞ்சு கிடந்தீங்க, நல்லா காத்து வாங்குங்க." காற்று நாகூரில் இல்லையா என்ன, மொட்டை மாடிக்குப் போனால் காற்றுதான், ஆள்தான் இல்லை. அவன் வாப்பா, என் வீட்டுக்காரர், மவுத்தான பிறகு நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை சொந்தக்காரப் பெண்கள் மாற்றி மாற்றி வந்து படுத்தார்கள், முடிந்த மறுநாளே அவரவர் வீடு அவரவருக்கு, எனக்கு மட்டும் அந்தப் பெரிய வீடும் குக்கரில் ஒரு கை அரிசியும்… கோடியக்கரை வரைக்கும் போய் வருவோம் என்று இவன் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது, எனக்கெதற்கு மானும் பறவையும், கோடியக்கரைக்குப் போகிற வழியில்தானே தோப்புத்துறை, தோப்புத்துறையில்தானே இவன் பெண்டாட்டி வீடு. நேராகக் கூப்பிடக் கூச்சப்படுகிறான், வாப்பாவைப்போலவே. அப்படித்தான் நினைத்தேன். சேலை, தொழுகை விரிப்பு, சர்க்கரை மாத்திரை, அவருடைய கைலி ஒன்று, எல்லாம் வைத்துப் பெரிய பையாகக் கட்டி வாசலில் வைத்தேன், இவனும் பேசாமல் தூக்கி டிக்கியில் வைத்தான், எதற்கும்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

வேளாங்கண்ணியில் இளநீர், திருப்பூண்டி தாண்டி டீ. டீக்கடை ஓரமாகத் தள்ளிப் போய் போனில் பேசிவிட்டு வந்தான். "இர்ஃபானாதான், நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டா." நல்ல மருமகள்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் வீடு அவளுக்குக் கொடுத்தது, அவள் உம்மா உயிரோடு இருக்கிறவரை அது அந்த உம்மாவின் வீடு, இவன் அங்கே மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்றால் நல்ல தட்டில் சோறும் சொல்லுக்குப் பஞ்சமும். எங்கள் வழக்கம் அப்படி, பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவார்கள். என் வீடும் அப்படி வந்ததுதான், இவன் வாப்பா அதில் ஒரு நாற்காலியை நகர்த்துவதற்குக்கூட என் முகத்தைப் பார்ப்பார். பெண்ணைப் பெற்றவளுக்குக் கடைசிவரை வீட்டில் ஆள், நான் பெற்றது ஒரே ஒரு ஆண், பெருநாளைக்குப் பிரியாணி சாப்பிட வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. சரி, நானாகவே கேட்டால் என்ன? எப்படிக் கேட்பது, சம்பந்தி வீட்டில் ஒரு மூலை கொடுங்கள் என்றா? நாக்கு எழாது. அவன்தான் சொல்ல வேண்டும், "வாங்க உம்மா, இனிமே இங்கேயே இருங்க." அதற்குத்தானே காலையில் எழுந்து அரிசிமாவில் இறால் வைத்து வாடா சுட்டேன், இர்ஃபானாவுக்கு எங்கள் ஊர் வாடா என்றால் உயிர், வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாதே.

தோப்புத்துறை வந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் மருந்துக்கடை ஒன்று உண்டு, அது வந்தது, தௌபீக் கண்ணாடியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மருந்துக்கடை பின்னால் போய்விட்டது. திரும்பும்போது போவான், முதலில் ஊர் சுற்றிக் காட்டுகிறான், பாவம்… வேதாரண்யம், உப்பளம், குவித்து வைத்த உப்பு வெயிலில் கண்ணைக் குத்துகிறது, பிறகு கோடியக்கரை, கடைசியில் கடல், தண்ணீர்தான், வேறென்ன. வெயில் சாயும்வரை மான், பறவை என்று சுற்றிக் காட்டிவிட்டு மணலில் துண்டை விரித்தான். "உம்மா, அந்த வாடாவ எடுங்க, இங்கேயே சாப்பிட்டுடுவோம்."

எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? நாலு தின்றான், "உங்க கைமணமே தனி உம்மா" என்றான். மீதியைக் காக்காய்க்குப் போட்டான். இர்ஃபானாவின் பங்கைக் காக்காய் தின்றது. "கிளம்புவோமா? உங்கள நாகூர்ல விட்டுட்டு ராத்திரிக்குள்ள நான் திரும்பணும்." அவ்வளவுதான், ஒரு வரியில் முடித்துவிட்டான். அடப்பாவி, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் ஊர்ந்து வந்தாய்?

இப்போது வண்டி பறக்கிறது. வரும்போது இருந்த நிதானம் எங்கே போயிற்று, காற்று வாங்க வேண்டாமா உம்மா? பள்ளத்தில் விழும்போதெல்லாம் டிக்கியில் பை நகர்கிற சத்தம், அது அவன் காதிலும் விழுமே… காலையில் அதை இரண்டு கையாலும்தான் தூக்கினான். இப்போதுதான் உறைக்கிறது. போய்விட்டு வருகிறவள் அவ்வளவு கனம் கட்டுவாளா, கையில் வாங்கியதுமே தெரிந்திருக்கும் அவனுக்கு, தெரிந்துதான் கேட்கவில்லை, கேட்டால் நான் சொல்லிவிடுவேன், நான் சொன்னால் அவன் ஏதாவது சொல்ல வேண்டும். டிக்கியில் அந்தப் பையை வைத்துக்கொண்டுதான் இளநீர் வாங்கிக் கொடுத்தான், டீ வாங்கிக் கொடுத்தான், கடலைக் காட்டினான். நானும்தான் கேட்கவில்லை. அதோ மறுபடி தோப்புத்துறை, மருந்துக்கடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள், "தௌபீக்" என்கிறேன், "என்ன உம்மா?" என்று கேட்கிறான், வேகத்தைக் குறைக்காமல், திரும்பிப் பார்க்காமல், குரலில் ஒரு பயம், சின்ன வயதில் அடிக்குப் பயந்து நிற்பானே, அதே பயம். "ஒண்ணுமில்ல, கண்ணாடிய ஏத்து, காத்து அடிக்குது" என்கிறேன். ஏற்றிவிட்டான். நாகூரில் வாசல்வரை வந்து பையை இறக்கி வைப்பான், அப்போதும் எதற்கும்மா இது என்று கேட்க மாட்டான்…